குற்றமில்லை, பிறகு குற்றவாளி: ரெபேக்கா நர்ஸ் வழக்கு, 1692

ஒரே வழக்கில் ஜூரியாக அமர்ந்த அதே பன்னிரண்டு பேர் இரண்டு தீர்ப்புச் சொன்னார்கள். முதலில் "குற்றமில்லை". கொஞ்ச நேரம் கழித்து "குற்றவாளி". இரண்டுக்கும் நடுவில் புதிய சாட்சி ஒருவரும் வரவில்லை, புதிய தடயமும் கிடைக்கவில்லை. பெண்பிள்ளைகள் சிலர் அலறினார்கள், நீதிபதிகள் முகம் கோணினார்கள், தலைமை நீதிபதி ஒரு கேள்வி கேட்டார். சூனியக்காரி என்று குற்றம் சாட்டப்பட்டு நின்றவர் 71 வயது மூதாட்டி ரெபேக்கா நர்ஸ். மூன்று வாரத்துக்குள் அவரைத் தூக்கிலிட்டுவிட்டார்கள்.

நடந்தது அமெரிக்காவில், அன்று ஆங்கிலேயர் காலனியாக இருந்த மாசசூசெட்ஸில், சேலம் என்ற ஊரில். நம் சேலத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. அமைதி என்று பொருள்படும் எபிரேயச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது.

1692இல் சேலத்தில் நடந்த சூனிய வழக்குகளைப் பற்றிப் பேசும்போது "மூடநம்பிக்கை" என்ற ஒரு சொல்லோடு பலர் முடித்துக்கொள்கிறார்கள். எனக்கு அது போதவில்லை. ரெபேக்கா நர்ஸைக் காப்பாற்ற முன்வந்த அண்டை வீட்டாரும் சூனியத்தை நம்பியவர்கள்தான். அதே வேதம், அதே போதகர், அதே பயம். ஆனாலும் அவர்கள் சரியாகப் பார்த்தார்கள். அவர்களால் எப்படி முடிந்தது, ஜூரியால் ஏன் முடியாமல் போனது என்பதுதான் இந்த வழக்கை மறுபடி மறுபடி என்னைப் படிக்க வைக்கிறது.

நோயாளிகள் மேல் இரக்கம்

1692 ஜனவரியில் சேலம் கிராமத்துப் போதகர் சாமுவேல் பாரிஸின் வீட்டில் இரண்டு சிறுமிகளுக்கு உடம்பு முறுக்கிக்கொண்டது. ஒருத்திக்கு வயது 9, இன்னொருத்திக்கு 11. யாரோ கடிப்பதாகவும் கிள்ளுவதாகவும் அலறினார்கள். விரைவிலேயே தாமஸ் பட்னத்தின் வீட்டிலும் இது தொற்றியது: அவருடைய 12 வயது மகள் ஆன், மனைவி ஆன், வேலைக்காரப் பெண் மெர்சி லூயிஸ். பெற்ற குழந்தைகளைப் பறிகொடுத்தவள் அந்தத் தாய். எல்லைப் போரில் குடும்பத்தை இழந்து அநாதையாய் அந்த வீட்டுக்கு வேலைக்கு வந்தவள் மெர்சி. இவர்கள் எல்லாரும் நடித்தார்கள் என்று ஒரே வரியில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்களுடைய துன்பத்தில் ஏதோ ஒரு பங்கு நிஜமாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

ரெபேக்கா நர்ஸும் அப்படித்தான் நினைத்தார். எட்டுப் பிள்ளைகளின் தாய். காது மந்தம். கணவர் பிரான்சிஸும் அவரும் ஏறக்குறைய 300 ஏக்கர் பண்ணை ஒன்றைத் தவணையில் வாங்கி உழுதுகொண்டிருந்தார்கள். மார்ச் மாதத்தில் பட்னம் வீட்டார் அவருடைய பெயரைச் சொல்ல ஆரம்பித்ததும், இஸ்ரேல் போர்ட்டரும் மனைவி எலிசபெத்தும் இன்னும் இருவரும் அவரைப் பார்க்கப் போனார்கள். ஏறக்குறைய ஒரு வாரமாக அவர் நோயில் கிடந்தார். பேச்சை எடுத்ததே அவர்தான். அந்தப் பிள்ளைகளை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது, அவர்களுக்காக வேண்டிக்கொள்கிறேன், முன்பு எனக்கும் வலிப்பு வந்ததுண்டு என்பதால்தான் போய்ப் பார்க்கவில்லை என்றார். கூடவே இன்னொன்றும் சொன்னார்: இந்த விஷயத்தில் பெயர் அடிபடுகிறவர்களில் சிலர் என்னைப் போலவே குற்றமற்றவர்கள் என்று நினைக்கிறேன்.

இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார் என்பதைக் கவனிக்க வேண்டும். வலிப்பில் துடிக்கும் பிள்ளைகளுக்காக அழ அவரால் முடிந்தது. அதற்காக அவர்கள் கைகாட்டிய ஆட்கள் எல்லாரும் குற்றவாளிகள் என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. அந்த மாதத்தில் அந்தக் கிராமத்துக்கு அதிகம் தேவைப்பட்ட பகுத்தறிவு இதுதான். நோயுற்றவர் படும் வேதனை ஒன்று, வேதனைக்கு அவர் சொல்லும் காரணம் இன்னொன்று. முதலாவதை மதித்தால் இரண்டாவதையும் நம்பியாக வேண்டும் என்று ஊர் எடுத்துக்கொண்டது. காரணத்தைக் கேள்வி கேட்டால் வேதனையையே சந்தேகிப்பதாகிவிடும், அது இரக்கமற்ற செயல் என்று பட்டது. அந்த இடத்திலேயே வழக்கு வளைந்துவிட்டது.

உங்கள் பெயரும் அடிபடுகிறது என்று வந்தவர்கள் மெல்லச் சொன்னார்கள். அப்படியானால் ஆண்டவரின் சித்தம் என்றவர், சற்று நேரம் திகைத்துப் போய் உட்கார்ந்திருந்தார். பிறகு, "இந்த விஷயத்தில் நான் இன்னும் பிறக்காத குழந்தையைப் போலக் குற்றமற்றவள். ஆனால் இந்த வயதான காலத்தில் இப்படி ஒரு துன்பத்தை என்மேல் சுமத்த, நான் மனம் வருந்தாமல் விட்ட பாவம் எதைக் கடவுள் கண்டாரோ?" என்றார். தன்மேல் பழி விழுந்த கணத்திலும் அவர் முதலில் சோதித்தது தன்னை.

மார்ச் 24ஆம் தேதி சபைக் கூடத்தில் விசாரணை. மாஜிஸ்திரேட் ஜான் ஹாதோர்ன் தொடக்கத்தில் இரக்கமாகவே பேசினார். கடவுள் என் குற்றமின்மையை வெளிப்படுத்துவார் என்று ரெபேக்கா சொன்னபோது, "அதை விரும்பாதவர் இந்தக் கூட்டத்தில் ஒருவரும் இல்லை" என்றார். அந்த ஈரம் நீடிக்கவில்லை. கிழவி கையை அசைத்தால் பிள்ளைகள் துடித்தார்கள், தலையைச் சாய்த்தால் அவர்கள் கழுத்தும் சாய்ந்தது. இத்தனை பேர் கண் கலங்கி நிற்கும்போது உன் கண் மட்டும் ஏன் காய்ந்திருக்கிறது என்று கேட்டார் ஹாதோர்ன். "என் உள்ளம் உங்களுக்குத் தெரியாது" என்றார் ரெபேக்கா. அழாத கண் அங்கே சாட்சியமாகிவிட்டது.

பாட்டியின் இருக்கை

விசாரணை முடிந்து நான்கு நாள் கழித்து, ரெபேக்காவின் மருமகன் ஜான் டார்பெல் தாமஸ் பட்னத்தின் வீட்டுக்கே போனார். சண்டை போடப் போகவில்லை. அவர் கேட்ட கேள்வியைத்தான் இந்த முழு வழக்கின் மிகச் சிறந்த கேள்வி என்பேன். பிள்ளை தானாக நர்ஸ் அம்மாளின் பெயரைச் சொன்னாளா, அல்லது வேறு யாராவது முதலில் அந்தப் பெயரை அவளிடம் சொன்னார்களா?

வெளுத்த முகமுள்ள ஒரு பெண் உருவம் தன் பாட்டியின் இருக்கையில் உட்கார்ந்திருந்ததைக் கண்டதாகப் பிள்ளை சொன்னாளாம். யாரென்று அவளுக்குத் தெரியவில்லையாம். சரி, நர்ஸ் அம்மாள்தான் என்று அவளுக்குச் சொன்னது யார் என்றார் டார்பெல். பட்னம் அம்மாள்தான் சொன்னார் என்றாள் மெர்சி லூயிஸ். மெர்சிதான் சொன்னாள் என்றார் பட்னம் அம்மாள். நீதான், நீதான் என்று ஒருவர் மேல் ஒருவர் தள்ளிக்கொண்டார்கள் என்று டார்பெல் எழுதிவைத்தார். அந்த வாக்குமூலம் இன்றும் இருக்கிறது.

ஒரு பெண்ணின் உயிரைப் பறித்த குற்றச்சாட்டின் வேரைத் தோண்டிப் பார்த்தால் அங்கே ஆளே இல்லை. பெயர் தெரியாத ஒரு வெளுத்த முகத்துக்கு யாரோ ஒருவர் பெயர் வைத்திருக்கிறார். யார் வைத்தது என்று வைத்தவர்களே ஒப்புக்கொள்ளத் தயாராயில்லை. இந்த ஒரு கேள்வியை நீதிமன்றம் எடுத்துப் பின்தொடர்ந்திருந்தால் வழக்கு அன்றே முடிந்திருக்கும். ஆனால் நீதிமன்றத்தின் கவனம் முழுக்க வேறு திசையில் இருந்தது: உருவம் என்ன செய்தது, எப்போது கிள்ளியது, எப்போது கழுத்தை நெரித்தது. குற்றம் சாட்டப்பட்டவரின் உருவம் தங்களைத் துன்புறுத்துவதாக நோயாளிகள் மட்டுமே பார்த்துச் சொல்லும் இந்தச் சாட்சியத்துக்கு மறுப்பே கிடையாது. வீட்டில் படுத்திருந்தேன் என்று நிரூபித்தாலும் பயனில்லை, வந்தது உருவம்தானே.

39 கையெழுத்து

பிரான்சிஸ் நர்ஸ் வீடு வீடாகப் போனார். 39 பேர் ஒரு மனுவில் கையெழுத்திட்டார்கள். இன்றைக்கு அது பெரிய எண்ணிக்கையாகத் தெரியாது. சூனியக்காரிக்குப் பரிந்து பேசுகிறவர் மேல் அடுத்த விரல் நீளும் என்பது ஊரறிந்த காலம் அது. ரெபேக்கா கைதான அதே வாரத்தில் போதகர் பாரிஸ், சீடர்கள் பன்னிருவரில் ஒருவன் பிசாசு என்ற வசனத்தை எடுத்துப் பிரசங்கித்தார். ரெபேக்காவின் தங்கை சாரா க்ளாய்ஸ் எழுந்து வெளியேறினார், கதவு அறைந்து சாத்திக்கொண்டது. சில நாளில் அவரும் கைதானார். மனுவில் கையெழுத்திட்ட டேனியல் ஆண்ட்ரூமீது மே மாதம் புகார் வந்து, அவர் ஊரைவிட்டே ஓட வேண்டியிருந்தது.

மனுவின் வாசகம் மிக அடக்கமானது. நாங்கள் பார்த்த அளவில் அவருடைய வாழ்க்கையும் நடத்தையும் அவர் அறிக்கையிட்ட விசுவாசத்துக்கு ஏற்றபடி இருந்தன, இப்போது சுமத்தப்பட்டிருக்கும் குற்றத்தைப் பற்றி அவரைச் சந்தேகிக்க எங்களுக்கு ஒருபோதும் காரணமோ ஆதாரமோ இருந்ததில்லை. இவ்வளவுதான். அவர் சூனியக்காரி அல்ல என்று சத்தியம் செய்யவில்லை. பிள்ளைகள் பொய் சொல்கிறார்கள் என்றும் எழுதவில்லை. தெரியாததைத் தெரியும் என்று சொல்ல மறுத்தார்கள், தெரிந்ததைச் சொல்லாமல் இருக்கவும் மறுத்தார்கள்.

கையெழுத்துப் போட்டவர்களில் எலிசபெத் போர்ட்டர், விசாரித்த மாஜிஸ்திரேட் ஹாதோர்னின் சொந்தச் சகோதரி. இன்னொருவர் ஜோனதன் பட்னம். ரெபேக்காவைக் கைது செய்யக் கோரி முதல் புகாரைக் கொடுத்த இருவரில் ஒருவர் அவர். புகாரிலும் அவர் பெயர், மனுவிலும் அவர் பெயர். எந்த இரவில், யாரோடு பேசி, எதை எண்ணி மனம் மாறினாரோ, ஏட்டில் இல்லை. ஊர் முன்னால் கொடுத்த புகாருக்கு எதிராக ஊர் முன்னாலேயே கையெழுத்திட எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! இந்த வழக்கில் நான் அதிகம் மதிக்கும் ஆள் இவர்தான்.

நத்தானியல் பட்னம் என்ற பெரியவரின் சாட்சியமும் உண்டு. ரெபேக்காவைப் பல வருடமாகத் தெரியும், பெரிய குடும்பத்தை நன்றாக வளர்த்தவர், அண்டை வீட்டாரோடு அவருக்குச் சச்சரவு இருந்ததை அறிவேன், ஆனால் இந்தக் குற்றத்தை யாரும் அவர்மேல் சொல்லி நான் கேட்டதில்லை என்றார். சச்சரவை மறைத்திருக்கலாம். மறைத்திருந்தால் ரெபேக்காவுக்கு நல்லது என்றுகூடத் தோன்றும். எல்லைத் தகராறுகளில் பட்னம்களும் ரெபேக்காவின் பிறந்த வீட்டாரும் எதிரெதிர்ப் பக்கம் நின்றவர்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். குறையையும் சேர்த்துச் சொன்னதால்தான் அவருடைய சாட்சியத்தில் கனம் இருக்கிறது.

ஜான் பட்னமும் மனைவியும் கொடுத்த வாக்குமூலம் அதைவிடக் கடினமானது. அவர்களுடைய மருமகனும் ஒரு மகளும் முன்பு துடிதுடித்து இறந்திருந்தார்கள். ரெபேக்காதான் அவர்களைக் கொன்றார் என்று தாமஸ் பட்னத்தின் மனைவி சொல்லியிருந்தார். பெற்றவர்கள் இருவரும் எழுதிக் கொடுத்தார்கள்: கொடிய காய்ச்சலில்தான் இறந்தார்கள் என்று அன்றே நினைத்தோம், யார்மேலும் சந்தேகப்படவில்லை, கூண்டில் நிற்பவர்மேல் அப்படி எதையும் எங்களால் சுமத்த முடியாது. மகளை இழந்தவரிடம், கொன்றவள் இதோ என்று ஊரே கைகாட்டும்போது, அந்த ஆறுதலை வேண்டாம் என்று தள்ளுவது எத்தகைய நேர்மை!

"எங்களோடு இருந்தவர்கள்"

ஜூன் கடைசியில் சிறப்பு நீதிமன்றத்தில் வழக்கு. ஆளுநர் வில்லியம் ஃபிப்ஸ் அமைத்த அந்த நீதிமன்றத்துக்குத் தலைவர் வில்லியம் ஸ்டௌட்டன். குற்றம் சாட்டப்பட்டவருக்கு வழக்கறிஞர் கிடையாது. சூனியக்காரியின் அடையாளம் தேடி உடலைச் சோதித்த பெண்கள் குழு ஏதோ தழும்பைக் கண்டதாகச் சொல்லியிருந்தது. அந்தக் குழுவிலேயே மிக மூத்த, கைதேர்ந்த பெண் அதை ஒப்புக்கொள்ளவில்லை, மறுபடி சோதியுங்கள் என்று ரெபேக்கா எழுத்தில் கேட்டார். நர்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த சாரா என்பவர், நோயுற்றதாகச் சொன்னவர்களில் ஒருத்தியான பிபர் தன் துணியிலிருந்து ஊசியை உருவிக் கைக்குள் வைத்துத் தன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, நர்ஸ் அம்மாள் குத்துகிறார் என்று கத்தியதைக் கண்ணால் பார்த்ததாகச் சாட்சி சொன்னார்.

ஜூரி வெளியே போய்ப் பேசித் திரும்பி வந்து "குற்றமில்லை" என்றது. நேர்மையான தீர்ப்பு. உடனே கூடத்தில் பயங்கரக் கூச்சல். ஒரு நீதிபதி தனக்குத் திருப்தியில்லை என்றார். இன்னொருவர், மறுபடி குற்றப்பத்திரிகை போடுவோம் என்றார். ஸ்டௌட்டன் நிதானமாகவே பேசினார்: ஜூரியை நான் கட்டாயப்படுத்த மாட்டேன், ஆனால் கைதி சொன்ன ஒரு வார்த்தையை நீங்கள் கவனித்தீர்களா?

விஷயம் இது. சூனியம் செய்ததாக ஒப்புக்கொண்ட டெலிவரன்ஸ் ஹாப்ஸ் என்ற பெண்ணையும் அவள் மகளையும் சாட்சி சொல்லக் கொண்டுவந்தபோது ரெபேக்கா வியந்து, இவர்களா எனக்கு எதிராகச் சாட்சி, இவர்கள் எங்களோடு இருந்தவர்கள் அல்லவா என்ற பொருளில் ஏதோ சொல்லியிருந்தார். "எங்களோடு" என்றால் யாரோடு? சிறையிலா, சூனியக்காரிகள் கூட்டத்திலா?

ஜூரித் தலைவர் தாமஸ் ஃபிஸ்க், ரெபேக்காவின் உறவினர்கள் கேட்டுக்கொண்டதால், ஜூலை 4ஆம் தேதி நடந்ததை எழுதிக் கொடுத்தார். அந்தத் தாளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும். அவர் கெட்டவர் அல்ல. அந்த வார்த்தையைச் சாட்சியமாக எடுக்க அவருக்கு முதலில் மனம் வரவில்லை. அதற்கு என்ன பொருள் என்று விளக்க ரெபேக்காவுக்கே ஒரு வாய்ப்புத் தர வேண்டும் என்று எண்ணித்தான் நீதிமன்றத்துக்குத் திரும்பினார். அங்கே அந்த வார்த்தையைச் சொன்னார். ரெபேக்கா பதில் சொல்லவில்லை. அந்த மௌனத்துக்குப் பிறகு அதே வார்த்தை தனக்கு முக்கியச் சாட்சியமாகிவிட்டது என்று எழுதுகிறார்.

ரெபேக்கா பிறகு விளக்கம் தந்தார். என்னோடு சிறையில் இருக்கும் கைதிகள் என்ற பொருளில்தான் சொன்னேன். எனக்குக் காது மந்தம், துக்கத்தில் இருந்தேன், என் வார்த்தையை நீதிமன்றம் எப்படி எடுத்துக்கொண்டது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

கேள்வி கேட்டார்கள், பதில் வரவில்லை என்று பதிவாயிற்று. கேள்வி காதில் விழுந்ததா என்று ஒருவரும் பார்க்கவில்லை. ஃபிஸ்க் பக்கத்தில் போய், சத்தமாக, ஒரே ஒருமுறை இன்னும் கேட்டிருக்கலாம். எதிராளிக்கு வாய்ப்புக் கொடுத்துவிட்டோம் என்ற நிறைவு ஃபிஸ்க்குக்குக் கிடைத்தது. ரெபேக்காவுக்கு வாய்ப்புக் கிடைக்கவேயில்லை.

ஆளுநர் தண்டனையை நிறுத்திவைத்தார். சேலத்துப் பெரிய மனிதர்கள் சிலர் போய்ப் பேசியதும் அந்த ஆணையைத் திரும்பப் பெற்றார். ஜூலை 3ஆம் தேதி சேலம் நகரத் திருச்சபை ரெபேக்காவைத் தன் உறுப்பினர் பட்டியலிலிருந்து விலக்கியது. ஜூலை 19ஆம் தேதி அவரையும் வேறு நான்கு பெண்களையும் தூக்கிலிட்டார்கள். இரவோடு இரவாகப் பிள்ளைகள் உடலை எடுத்துவந்து பண்ணையில் புதைத்ததாகக் குடும்பத்தார் வழிவழியாகச் சொல்லிவந்திருக்கிறார்கள். ஒப்புக்கொண்டவர்கள் உயிர் பிழைத்தார்கள், பொய் சொல்ல மறுத்தவர்கள் செத்தார்கள். அந்த நீதிமன்றத்தின் கணக்கு அப்படித்தான் இருந்தது.

ஒப்புக்கொண்டவர்கள்

இன்னொரு தங்கை மேரி ஈஸ்டி செப்டம்பரில் தூக்கிலிடப்பட்டார். சாகுமுன் எழுதிய மனுவில், என் உயிருக்காகக் கேட்கவில்லை, சாகத்தான் போகிறேன் என்று தெரியும், இனியாவது குற்றமற்றவர் இரத்தம் சிந்தக்கூடாது என்றார். நோயுற்றவர்களைத் தனித்தனியாக வைத்து விசாரியுங்கள் என்று வழியும் சொன்னார். தூக்குக்கயிற்றின் நிழலில் நின்று விசாரணை முறையைத் திருத்த யோசனை தந்தவர்! அக்டோபரில் ஆளுநர் அந்த நீதிமன்றத்தைக் கலைத்தார். அதற்குள் 19 பேர் தூக்கில் மாண்டிருந்தார்கள். வாதாட மறுத்த முதியவர் ஒருவர் மேல் கனமான கற்களை அடுக்கியதில் அவர் நசுங்கி இறந்தார். மறு ஆண்டு வேறு நீதிமன்றத்தில் உருவச் சாட்சியத்தை ஒதுக்கி வைத்ததும் வழக்குகள் பொலபொலவென்று உதிர்ந்தன.

1697 ஜனவரியில் காலனி முழுக்க உபவாச நாள். பாஸ்டன் தேவாலயத்தில், சேலத்து நீதிபதிகளில் ஒருவரான சாமுவேல் சூவல் எழுந்து நின்றார். பழியும் வெட்கமும் என்னுடையவை என்று அவர் எழுதியதைப் போதகர் சபைக்கு வாசித்தார். ஸ்டௌட்டன் கடைசிவரை எதுவும் சொல்லவில்லை. தாமஸ் ஃபிஸ்க்கும் இன்னும் பதினோரு ஜூரிகளும் கையெழுத்திட்டு ஓர் அறிக்கை தந்தார்கள். போதாத சாட்சியத்தை ஏற்றுக்கொண்டோம், குற்றமற்ற இரத்தப்பழிக்குக் காரணமாகிவிட்டோம் என்று அஞ்சுகிறோம், இத்தகைய ஆதாரத்தின் மேல் உலகமே கிடைத்தாலும் இனி இப்படிச் செய்யமாட்டோம் என்றார்கள்.

கிராமத்துக்குள் காயம் ஆற இன்னும் நாள் பிடித்தது. நர்ஸ் வீட்டு ஆண்கள் பாரிஸின் கையால் திருவிருந்து வாங்க மறுத்துப் பல வருடம் ஒதுங்கி நின்றார்கள். 1694 நவம்பரில் பாரிஸ் ஒருவழியாகத் தன் தவறுகளை எழுதிச் சபை முன் வாசித்தபோது, அன்று பட்னம் வீட்டில் கேள்வி கேட்ட அதே ஜான் டார்பெல், இதில் பாதியை முன்பே சொல்லியிருந்தால் விஷயம் இந்த அளவுக்கு வந்திருக்காது என்றார். பாரிஸுக்குப் பின் வந்த ஜோசப் கிரீன் என்ற இளம் போதகர் சபைக் கூடத்தின் இருக்கை வரிசையை மாற்றி, நர்ஸ் வீட்டாரையும் பட்னம் வீட்டாரையும் அருகருகே உட்கார வைத்தார். 1706இல் ஆன் பட்னம், அந்தப் பழைய 12 வயதுப் பிள்ளை, சபையில் சேர வந்தாள். அவள் எழுதியதைக் கிரீன் வாசிக்க, அவள் எழுந்து நின்றாள். நர்ஸ் அம்மாளையும் அவர் தங்கைகள் இருவரையும் குற்றம் சாட்டியதில் நான் முக்கியக் கருவியாக இருந்தேன், கோபத்தாலோ வன்மத்தாலோ செய்யவில்லை, ஏமாந்து செய்தேன், அதற்காகப் புழுதியில் விழுந்து கிடக்க விரும்புகிறேன் என்றாள். சபை அவளைச் சேர்த்துக்கொண்டது.

1711இல் காலனி அரசு தண்டனைகள் பலவற்றை நீக்கி 578 பவுண்டு இழப்பீடு ஒதுக்கியது. அடுத்த ஆண்டு, பிள்ளைகளின் மனக்குறை தீர வேண்டும் என்று சொல்லி, சேலம் நகரத் திருச்சபை ரெபேக்காவை விலக்கிய பதிவை வாக்கெடுத்து அழித்தது.

சேலம் கிராமம் இப்போது டான்வர்ஸ் என்ற ஊர். நர்ஸ் பண்ணை அங்கே காட்சியகமாக இருக்கிறது. குடும்பக் கல்லறைத் தோட்டத்தில் 1885இல் ரெபேக்காவுக்கு ஒரு கல் நட்டார்கள். 1892இல் அதன் அருகே இன்னொரு கல் வந்தது. அவருக்காகப் பேசிய அண்டை வீட்டாரின் பெயர்கள் அதில் செதுக்கப்பட்டிருக்கின்றன. பட்னம்கள் பெயரும் அதில் இருக்கிறது.